‘பெரும் பணக்காரர்களின் ரகசியம்’ ஆன்லைன் கோர்ஸ்: நாலாவது பகுதி மட்டும் தேறும்

ஐந்துக்கு இரண்டு நட்சத்திரம் போடுகிறேன், அந்த இரண்டும் நாலாவது பகுதிக்காக. ஒன்றுமில்லாமல் தொடங்கி உலகப் பணக்காரர் பட்டியல் வரைக்கும் போனவர்கள் எப்படிப் போனார்கள் என்று சொல்லித்தருவதாக விளம்பரம் செய்யும் ஆன்லைன் கோர்ஸ் இது. ஆறு பகுதி வீடியோ, அச்செடுத்து நிரப்ப ஒரு பயிற்சிப் புத்தகம், வாரக் கடைசியில் நேரலை வகுப்பு, அப்புறம் ஒரு டெலிகிராம் குழு. பெயரை வேண்டுமென்றே போடவில்லை. இதே அச்சில் வார்த்த கோர்ஸ்கள் இன்னும் நிறைய ஓடிக்கொண்டிருக்கின்றன, ஒன்றை மட்டும் பிடித்துத் திட்டிவிட்டு மற்றதை விட்டால் நியாயமில்லை. நீங்கள் வாங்க நினைப்பது எதுவானாலும் கீழே சொல்வதை வைத்து உரசிப் பார்த்துக்கொள்ளலாம்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். வீடியோக்கள் சுத்தம், ஒலி தெளிவு, ஆப் எங்கேயும் முரண்டு பிடிக்கவில்லை, பாதியில் நிறுத்தினால் விட்ட இடத்திலிருந்தே தொடர்கிறது. பயிற்சியாளருக்குப் பேச வருகிறது, ஒரு மணி நேரம் உட்கார்ந்து கேட்டாலும் தூக்கம் வராது. குறையெல்லாம் அவர் எதைப் பேசுகிறார், எதைத் தாண்டிப் போகிறார் என்பதில்தான்.

முதல் இரண்டு பகுதி முழுக்கக் காலைப் பழக்கமும் மனநிலையும். நாலரைக்கு எழுந்திரு, பச்சைத் தண்ணீரில் குளி, நன்றி நோட்டு எழுது, ‘பற்றாக்குறை மனநிலை’யைத் தூக்கிப் போடு. பயிற்சிப் புத்தகத்தில் ஒரு முழுப் பக்கத்துக்குக் காசோலைப் படம் அச்சிட்டிருக்கிறார்கள். பெறுபவர் இடத்தில் நம் பெயர், தொகை இடத்தில் காலிக் கட்டம், தேதி பத்து வருஷம் தள்ளி. அதை நிரப்பிப் போட்டோ எடுத்துக் குழுவில் போட வேண்டுமாம். போட்டார்கள், ஒருவர் விடாமல். ஒருவருக்குக் கட்டத்துக்குள் பூஜ்ஜியங்கள் அடங்காமல், மிச்சத்தைப் பக்கத்தின் ஓரத்தில் மேலிருந்து கீழாக எழுதியிருந்தார், அதற்கு நாற்பது பேர் கைதட்டி எமோஜி.

நாலரைக்கு எழுந்தால் பணம் சேரும் என்றால் பேப்பர் போடுகிறவர்கள் எல்லோரும் இந்நேரம் விமானம் வாங்கியிருக்க வேண்டும். வேடிக்கை என்னவென்றால், கோர்ஸில் மூச்சுக்கு மூச்சு மேற்கோள் காட்டப்படும் அமேசான் நிறுவனர் ஜெஃப் பெசோஸ் எட்டு மணி நேரம் தூங்குகிறவர். காலையில் சாவகாசமாகப் பேப்பர் படித்து, பிள்ளைகளோடு சாப்பிட்டுவிட்டு, மூளைக்கு வேலை வைக்கும் கூட்டங்களைப் பத்து மணிக்கு வைத்துக்கொள்வதாக அவரே மேடையில் சொல்லியிருக்கிறார். அந்தப் பேச்சிலிருந்து வேறு ஒரு வரியை எடுத்துப் போட்டிருக்கிறார்கள், இந்த வரியைக் காணோம்.

மூன்றாவது பகுதி கதைகள். கேரேஜில் தொடங்கினார், கல்லூரியை விட்டார், யாரும் நம்பவில்லை, இன்று பாருங்கள் என்ற வரிசையில் ஒவ்வொருவராக வருகிறார்கள், பின்னணியில் பியானோ. கதைகள் பொய் என்று சொல்லமாட்டேன். ஆனால் ஒவ்வொன்றிலும் பணம் உள்ளே வருகிற இடத்தைக் கத்தரித்திருக்கிறார்கள். பெசோஸ் 1994-இல் அமேசானைத் தொடங்குவதற்கு முன் வால் ஸ்ட்ரீட்டில் ஒரு நிதி நிறுவனத்தின் துணைத் தலைவர். 1995-இல் அவருடைய பெற்றோர் சுமார் 2,45,000 டாலர் போட்டார்கள். அப்புறம் 22 பேரிடம், ஆளுக்கு ஏறத்தாழ 50,000 டாலர் வீதம், 10 லட்சம் டாலர் திரட்டினார். கேரேஜ் உண்மைதான், ஆனால் அந்தக் கேரேஜுக்குள் இவ்வளவு பணமும் இருந்தது.

பில் கேட்ஸ் கதையும் அப்படித்தான். ஹார்வர்டை விட்டதைச் சொல்கிறார்கள். 1968-இல், பல்கலைக்கழகங்களிலேயே கணினி அரிதாக இருந்த நேரத்தில், அவர் படித்த லேக்சைட் பள்ளியில் தாய்மார்கள் சங்கம் பழைய பொருள் விற்ற காசில் தொலைவிலிருந்த கணினியோடு இணைந்த ஒரு டெர்மினல் வைத்துக்கொடுத்ததையும், பதின்மூன்று வயதில் அவர் அதன் முன்னால் உட்கார்ந்ததையும் சொல்வதில்லை. இதையெல்லாம் சொன்னால் அவர்கள் சாதனை குறைந்துபோகாது, அந்தப் பள்ளியில் படித்த எல்லோருமா மைக்ரோசாஃப்ட் தொடங்கினார்கள். ஆனால் காசு கட்டிவிட்டுக் கையில் பேனாவோடு உட்கார்ந்திருக்கிறவருக்கு முதலில் தெரிய வேண்டியது, முதல் பணம் எங்கிருந்து வந்தது, தோற்றிருந்தால் அவர்கள் எங்கே போய் விழுந்திருப்பார்கள் என்பதுதானே.

‘ஃபோர்ப்ஸ்’ பத்திரிகையே இந்தச் சிக்கலைப் பார்த்துவிட்டு, 2014 முதல் தன்னுடைய 400 அமெரிக்கப் பணக்காரர் பட்டியலில் ஒவ்வொருவருக்கும் 1 முதல் 10 வரை மதிப்பெண் போடுகிறது. எல்லாமே பரம்பரையாக வந்து, அதைப் பெருக்கக்கூட முயலாதவருக்கு 1, வறுமையையும் பெரிய தடைகளையும் தாண்டி வந்தவருக்கு 10. தொலைக்காட்சித் தொகுப்பாளர் ஓப்ரா வின்ஃப்ரேக்கு 10. இந்த ஒரு அட்டவணையை வைத்து அரைமணி நேரம் பேசியிருந்தால் மூன்றாவது பகுதி உருப்பட்டிருக்கும்.

உண்மையிலேயே கீழிருந்து வந்தவர்கள் இல்லையா என்றால், இருக்கிறார்கள். ஸ்பெயினின் அமான்சியோ ஒர்டேகா ரயில்வே தொழிலாளியின் மகன், பதின்ம வயதின் தொடக்கத்திலேயே பள்ளியை விட்டுவிட்டுச் சட்டைக் கடையில் எடுபிடி வேலைக்குப் போனவர், 1975-இல் முதல் ஸாரா துணிக்கடையைத் திறந்தவர். கோர்ஸில் அவர் பெயரே இல்லை. அவர் பேட்டியே கொடுப்பதில்லை, அதனால் ஸ்லைடில் போட மேற்கோள் கிடைக்கவில்லை என்பது என் ஊகம்.

இனி நாலாவது பகுதி. வேறு யாரோ எழுதிக்கொடுத்தது போல இருக்கிறது. பியானோ இல்லை, பலகையில் கணக்கு. மாதம் 10,000 டாலர் மிச்சம் பிடிக்கிற ஒருவர், பெரிய சம்பளக்காரர் என்றே வைத்துக்கொள்வோம், அதைப் பெட்டியில் போட்டு வைத்தால் 100 கோடி டாலர் சேர 8,333 வருஷம் ஆகும். சரி, பெட்டியில் வேண்டாம், வருஷத்துக்கு 10% வளரும் இடத்தில் மாதாமாதம் போடுகிறார், 40 வருஷம் கையே வைக்கவில்லை. அப்போதும் 6.3 கோடி டாலர்தான் வரும். அருமையான பணம், யாரும் வேண்டாம் என்று சொல்லமாட்டார்கள், ஆனால் 100 கோடியில் பதினைந்தில் ஒரு பங்குகூட முழுசாக இல்லை. சிக்கனத்தாலும் சம்பளத்தாலும் வசதியாக வாழலாம், அந்தப் பட்டியலுக்குப் போக முடியாது என்று பயிற்சியாளர் சொன்னபோது, இதே மனிதர்தானே போன வாரம் டீ குடிப்பதைக் குறைக்கச் சொன்னார் என்று எனக்குச் சிரிப்பு வந்தது.

அந்தப் பட்டியலில் இருப்பவர்களிடம் இருப்பது உரிமை, அதாவது நிறுவனத்தில் பங்கு. பெசோஸ் பல வருஷமாக அமேசானில் எடுத்துக்கொண்ட ஆண்டுச் சம்பளம் 81,840 டாலர். முதலீட்டாளர் வாரன் பஃபெட் தன் நிறுவனமான பெர்க்‌ஷயரில் எடுத்துக்கொண்டது ஒரு லட்சம் டாலர். மைக்ரோசாஃப்ட் 1986 மார்ச்சில் ஒரு ஷேர் 21 டாலர் என்று சந்தைக்கு வந்தபோது கேட்ஸ் கையில் ஏறக்குறைய 45% இருந்தது, அடுத்த வருஷம் 31 வயதில் 100 கோடி டாலரைத் தொட்டார்.

பங்கு இருந்தால் மட்டும் போதாது, அந்தத் தொழில் ஆளையும் இடத்தையும் அதே வேகத்தில் கூட்டாமல் பெரிதாக வேண்டும். இதை விளக்க டாஸ் என்ற இயங்குதளத்தின் கதையை எடுத்துக்கொள்கிறார்கள், இந்தக் கோர்ஸின் சிறந்த பதினைந்து நிமிஷம் அதுதான். கணினி நிறுவனமான ஐபிஎம்முக்கு ஓர் இயங்குதளம், அதாவது கணினியை இயக்கும் அடிப்படை மென்பொருள், வேண்டும், மைக்ரோசாஃப்டிடம் அது இல்லை. சியாட்டிலில் இன்னொரு சின்ன நிறுவனம் எழுதியிருந்ததை 1981-இல் 50,000 டாலருக்கு முழு உரிமையோடு வாங்கினார்கள். ஐபிஎம்முக்குக் கொடுக்கும்போது மட்டும், வேறு கணினி நிறுவனங்களுக்கும் விற்கும் உரிமையைத் தங்களிடமே வைத்துக்கொண்டார்கள். ஐபிஎம் மாதிரியே கணினி செய்ய நிறுவனங்கள் முளைத்தபோது ஒவ்வொன்றும் மைக்ரோசாஃப்டுக்குக் காசு கட்டியது, இன்னொரு பிரதி எடுக்கச் செலவோ ஏறக்குறைய ஒன்றுமில்லை. பலகையில் நடுவே ஒரு சின்னப் பெட்டி வரைந்து, அதிலிருந்து ஒவ்வொரு நிறுவனத்துக்கும் ஒரு கோடு இழுத்துக்கொண்டே போகிறார், கடைசியில் பலகையில் எழுத இடமில்லை. வாட்ஸ்அப் அடுத்த உதாரணம். 2014-இல் ஃபேஸ்புக் 1,900 கோடி டாலர் விலை பேசியபோது அங்கே வேலை பார்த்தவர்கள் 55 பேர், பயன்படுத்தியவர்கள் 45 கோடி பேர். அதன் நிறுவனர்களில் ஒருவரான ஜான் கோம் உக்ரைனிலிருந்து தாயோடு அமெரிக்கா வந்து அரசின் உணவு வில்லைக்கு வரிசையில் நின்றவர். அந்த வில்லை கொடுத்த அலுவலகம் இருந்த கட்டடத்தின் வாசலில் வைத்துத்தான் விற்பனைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டார்.

மென்பொருள் இல்லாதவர்களுக்கும் வழி காட்டுகிறார்கள், அங்கே வருகிறவர் வால்மார்ட் கடைகளைத் தொடங்கிய சாம் வால்டன். 1945-இல் அமெரிக்காவின் அர்கன்சா மாநிலத்தில் ஒரு சில்லறைக் கடை எடுத்தார், 5,000 டாலர் தன்னுடையது, 20,000 டாலர் மாமனார் கொடுத்த கடன். கடை பிய்த்துக்கொண்டு ஓடியது. ஆனால் வாடகை ஒப்பந்தத்தில் புதுப்பிக்கும் உரிமை எழுதியிருக்கவில்லை. 1950-இல் கட்டடத்தின் சொந்தக்காரர் புதுப்பிக்க மறுத்துவிட்டார், வால்டன் ஊரையே மாற்றிக்கொண்டு மறுபடி முதலிலிருந்து. முதல் வால்மார்ட் 1962-இல்தான் வருகிறது, பங்குச் சந்தைக்கு 1970-இல். ஒரு கடையைச் சரியாக நடத்தத் தெரிந்துகொண்டு அதையே நூறு ஊரில் திறந்தார். ஒப்பந்தத்தைப் படிக்கச் சொல்லி ஒரு பயிற்சித் தாளும் கொடுத்திருக்கிறார்கள், மாதிரி வாடகை ஒப்பந்தத்தில் எந்த வரி இல்லை என்று கண்டுபிடிக்க வேண்டும். காசோலைப் படத்தை விட இது ஆயிரம் மடங்கு தேவலை.

அடுத்தவர் பணம் என்ற தலைப்பில் பஃபெட் வருகிறார். எல்லோரும் அவருடைய பொறுமையைத்தான் பேசுவார்கள், இவர்கள் காப்பீட்டைப் பேசியது எனக்குப் பிடித்திருந்தது. 1967-இல் பெர்க்‌ஷயர் நேஷனல் இன்டெம்னிட்டி என்ற காப்பீட்டு நிறுவனத்தை 86 லட்சம் டாலருக்கு வாங்கியது. மக்கள் பிரீமியத்தை முன்னாலேயே கட்டுகிறார்கள், இழப்பீடு பின்னால் கேட்கிறார்கள், நடுவில் அந்தப் பணம் நிறுவனத்தின் கையில் இருக்கும், முதலீடு செய்யலாம். காப்பீட்டுத் தொழில் நஷ்டமில்லாமல் நடக்கும்வரை அது வட்டியில்லாக் கடன் மாதிரி. 2023 முடிவில் பெர்க்‌ஷயர் கையில் இப்படி இருந்த பணம் ஏறத்தாழ 16,900 கோடி டாலர். இதற்கு நேர்மாறாக ஸ்பேங்க்ஸ் என்ற உள்ளாடை நிறுவனத்தின் நிறுவனர் சாரா பிளேக்லியையும் சேர்த்திருந்தார்கள். வீடு வீடாக, அலுவலகம் அலுவலகமாக ஃபேக்ஸ் இயந்திரம் விற்றவர், தன் சேமிப்பு 5,000 டாலரில் தொடங்கி, 2021 வரைக்கும் வெளியாள் யாருக்கும் பங்கு கொடுக்கவில்லை. அந்த வருஷம் ஒரு முதலீட்டு நிறுவனம் பெரும்பான்மைப் பங்கை வாங்கியபோது நிறுவனத்தின் மதிப்பு 120 கோடி டாலர். அடுத்தவர் பணம் வாங்கினால் வேகம், வாங்காவிட்டால் கட்டுப்பாடு நம் கையில், இரண்டுக்கும் விலை உண்டு என்று நியாயமாகவே சொன்னார்கள்.

கடைசியாகக் காலம். பெர்க்‌ஷயர் 1965 முதல் 2023 வரை வருஷத்துக்குச் சராசரி 19.8% கூட்டு வளர்ச்சி கண்டது, அதே காலத்தில் அமெரிக்கச் சந்தைக் குறியீடு 10.2%. இரண்டு மடங்குதானே என்று தோன்றும். ஆனால் 59 வருஷம் கூட்டிப் பெருக்கினால் நூறு மடங்குக்கும் மேல் இடைவெளி வந்துவிடுகிறது. பஃபெட்டுக்கு 60 வயதில் சில நூறு கோடி டாலர்தான் இருந்தது, 10,000 கோடியைத் தாண்டியது 90 வயதில். இதன் இன்னொரு பக்கம், விற்காமல் உட்கார்ந்திருக்கும் நெஞ்சுரம். அமேசான் ஷேர் 1999-க்கும் 2001-க்கும் நடுவே 90 சதவீதத்துக்கும் மேல் விழுந்தது. அந்த இரண்டு வருஷமும் பெசோஸ் எப்படித் தூங்கினார் என்று முதல் பகுதியில் சொல்லியிருந்தால் நான் கவனமாகக் கேட்டிருப்பேன்.

இவ்வளவு நல்ல பகுதியிலும் ஒரு பெரிய ஓட்டை. தோற்றவர்கள் ஒருவர்கூட இல்லை. இதே மாதிரி பங்கைப் பிடித்துக்கொண்டு, விற்காமல், வீட்டை அடகு வைத்து உட்கார்ந்திருந்து காணாமல் போனவர்களின் பெயர் யாருக்கும் தெரியாது, அதனால் அவர்கள் ஸ்லைடில் வருவதில்லை. பெயர் தெரிந்த ஒருவர் வந்தார், அவரையும் கேலிக்காகத்தான் கொண்டுவந்தார்கள். ரொனால்ட் வெய்ன், ஆப்பிளின் மூன்றாவது நிறுவனர், 1976-இல் தன் 10% பங்கைப் பன்னிரண்டே நாளில் 800 டாலருக்குக் கொடுத்துவிட்டு வெளியேறினார். ‘பயம் எவ்வளவு விலை பாருங்கள்’ என்றார் பயிற்சியாளர். எனக்கு இது பிடிக்கவில்லை. அது கூட்டாளி நிறுவனம், கடன் வந்தால் பொறுப்பு அவரவர் சொந்தச் சொத்து வரைக்கும் போகும். ஸ்டீவ் ஜாப்ஸ் முதல் ஆர்டருக்காகக் கடனில் பொருள் எடுக்கிறார், மூவரில் பறிமுதல் செய்ய ஏதாவது சொத்து வைத்திருந்தவர் வெய்ன்தான். வயது நாற்பதைத் தாண்டியிருந்தது. அன்றைக்குக் கையில் இருந்த தகவலை வைத்துப் பார்த்தால் அவர் செய்தது தப்பே இல்லை. இழக்க ஒன்றுமில்லாத இருபது வயதும், இழந்தால் தாங்கிக்கொள்ளும் குடும்பமும் எவ்வளவு பெரிய முதலீடு என்று சொல்ல இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது, அதைக் கோழைத்தனக் கதையாக்கிவிட்டார்கள்.

அதிர்ஷ்டம் என்ற சொல்லே கோர்ஸில் தடை. இத்தாலியில் கடானியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சிலர் 2018-இல் ஒரு கணினி மாதிரி வெளியிட்டார்கள். கற்பனை மனிதர்களுக்குத் திறமையை, பெரும்பாலோருக்கு நடுத்தரமாகவும் சிலருக்கு மட்டும் மிக அதிகமாகவோ குறைவாகவோ இருக்கும்படி பங்கிட்டு, 40 வருஷம் நல்லதும் கெட்டதுமாகத் தற்செயல்களை நடத்திப் பார்த்தார்கள். கடைசியில் உச்சியில் நின்றவர்கள் பெரும்பாலும் நடுத்தரத் திறமையும் கூடுதல் அதிர்ஷ்டமும் உள்ளவர்கள். வெறும் மாதிரிதான், உலகம் அப்படியே அதுதான் என்று நான் சொல்லவில்லை. ஆனால் டெலிகிராம் குழுவில் ஒருவர் இதைக் குறிப்பிட்டதும் அந்தப் பதிவு நீக்கப்பட்டது, காரணம் ‘எதிர்மறை ஆற்றல்’. தெரனாஸ் என்ற ரத்தப் பரிசோதனை நிறுவனத்தைத் தொடங்கி, மோசடியில் சிக்கிய எலிசபெத் ஹோம்ஸ் பெயரையும் காணோம். 2015-இல் 450 கோடி டாலர் என்று ஃபோர்ப்ஸ் போட்டது, 2016-இல் அதே பத்திரிகை பூஜ்ஜியம் என்று திருத்தியது. மனநிலை, காலைப் பழக்கம், கறுப்புச் சட்டை என்று கோர்ஸ் சொல்லும் அத்தனையும் அவரிடம் இருந்தது.

நேரலை வகுப்பைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். ஒரு பெண்மணி நல்ல கேள்வி கேட்டார்: “சார், இவங்க ஷேரை விக்கவே மாட்டாங்கன்னா வீடு, படகெல்லாம் எதை வச்சு வாங்குறாங்க?” விடை எளிது. ஷேரை அடகு வைத்துக் கடன் வாங்குகிறார்கள். ஆரக்கிள் மென்பொருள் நிறுவனத்தின் நிறுவனர்களில் ஒருவரான லாரி எலிசன் தன் பங்குகளில் கணிசமான பகுதியை அப்படி ஈடு வைத்திருப்பது அந்த நிறுவனத்தின் பொது அறிக்கைகளிலேயே இருக்கிறது. அமெரிக்காவில் பங்கை விற்றால்தான் லாபத்துக்கு வரி, மதிப்பு ஏறியதற்காக மட்டும் வரி கிடையாது. கடன் வருமானமே ஆகாது. பெரும் சொத்து எப்படிக் கரையாமல் நிற்கிறது என்பதற்கு இது முக்கியமான பதில். பயிற்சியாளர் சிரித்துக்கொண்டே, “சூப்பர் கேள்வி மேடம், அது அட்வான்ஸ் லெவல்ல வருது” என்றார். சாட்டில் உடனே அட்வான்ஸ் லெவலுக்கான கட்டண லிங்க் விழுந்தது, தள்ளுபடி நள்ளிரவு வரைக்கும்.

ஐந்தாவது, ஆறாவது பகுதிகளுக்கு அதிக நேரம் தேவையில்லை. ஐந்து, பழைய மனநிலைப் பேச்சு. ஆறு, இந்தக் கோர்ஸையே அடுத்தவருக்கு விற்றுக் கமிஷன் எடுப்பது எப்படி. இதில் ஒன்றைக் கவனியுங்கள்: ஒருமுறை படம் பிடித்த வீடியோ, இன்னொருவருக்கு விற்கச் செலவில்லை, முழுப் பங்கும் அவர் கையில். நாலாவது பகுதியில் சொன்னதை அந்த மனிதர் அப்படியே செய்துகொண்டிருக்கிறார், ஆனால் தன்னை உதாரணமாக ஒரு இடத்தில்கூடக் காட்டவில்லை.

யார் வாங்கலாம்? ஏற்கெனவே சின்னத் தொழில் நடத்துகிறவர், கூட்டாளி சேர்க்கலாமா, முதலீடு வாங்கலாமா, எத்தனை சதவீதம் விடலாம் என்று யோசித்துக்கொண்டிருப்பவர் என்றால், தனியாக நாலாவது பகுதி மட்டும் கிடைக்குமா என்று கேட்டுப் பாருங்கள், சில சமயம் கொடுக்கிறார்கள். மாதச் சம்பளத்தில் இருப்பவர், இதில் சேர்ந்தால் வாழ்க்கை மாறும் என்று நினைப்பவர், வேண்டாம். அந்தக் காசை, சந்தைக் குறியீட்டை அப்படியே பின்பற்றும் ஏதாவது குறியீட்டு நிதியில் போடுங்கள், அதற்கான கணக்கை மேலே இலவசமாகக் கொடுத்துவிட்டேன்.

ரீஃபண்டை நம்பி வாங்காதீர்கள். எல்லா வீடியோவும் முழுசாகப் பார்த்திருக்க வேண்டும், பயிற்சிப் புத்தகத்தை நிரப்பி ஏற்றியிருக்க வேண்டும் என்பது நிபந்தனை, ஆனால் ஆறாவது பகுதி திறப்பதே ரீஃபண்ட் கெடு முடிந்த பிறகுதான். நான் இதைச் சுட்டிக்காட்டி எழுதிய மெயிலுக்கு, பணத்தோடு எனக்குள்ள உறவில் இன்னும் வேலை பாக்கி இருப்பதாகப் பதில் வந்தது. இன்னொன்று, டெலிகிராம் குழுவுக்குத் தனிச் சந்தா, முதல் மாதம் இலவசம் என்று சொல்லிக் கார்டை வாங்கிக்கொள்கிறார்கள். சேர்ந்த அன்றே ஆட்டோ டெபிட்டை நிறுத்திவிடுங்கள், குழுவிலிருந்து வெளியேறினால் மட்டும் அது நிற்காது.